குழந்தையின் வயிற்றில் குடல்வாய்: எந்த வகை, ஏன், எத்தனை நாள்?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த மாதம் நாங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குச் சற்று சங்கடமானது. பச்சிளம் பிள்ளையின் வயிற்றில் ஒரு வழி வைத்து, மலம் ஆசனவாய் வழியே போகாமல் வயிற்றில் ஒட்டிய பையில் விழும்படி செய்யும் அறுவை சிகிச்சை அது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு இலியம் என்று பெயர். அதை வெளியே கொண்டுவந்து வைப்பதால் டாக்டர்கள் இதை இலியோஸ்டமி என்கிறார்கள். வெளியே தெரியும் சிவந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். நாம் குடல்வாய் என்றே சொல்லிக்கொள்வோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. உதவி கேட்டு வரும் மனுக்களோடு இணைத்திருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் படித்து, புரியாததைக் குழந்தை அறுவை நிபுணர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறோம்.

இதை ஏன் கூட்டம் போட்டுப் பேச வேண்டும்? இந்த ஆபரேஷனுக்கு ஊரைக் கூட்டி யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸ் ஒரு தாளை நீட்டுவார். பிள்ளையின் வாப்பா துபாயிலோ ஜித்தாவிலோ இருப்பார். உம்மா பிரசவ வார்டில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பார். வராந்தாவில் நிற்கிற மாமாவும் நன்னாவும்தான் முடிவு சொல்ல வேண்டும். “மூன்று நாள் பிள்ளையின் வயிற்றில் ஓட்டை போடுவதா?” என்று ஒருவர் சொன்னால் போதும், கை பின்வாங்கிவிடும். கையெழுத்துப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. போய் என்ன ஆயிற்று என்பதை இந்த மேடையில் விவரிக்க நாங்கள் விரும்பவில்லை.

எந்தப் பிள்ளைகளுக்கு இது தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்ப்போம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் குடல் வெந்து, சில இடங்களில் செத்து, ஓட்டை விழுகிற ஒரு நோய் வரும். நெக் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சில பிள்ளைகளுக்குக் குடல் ஓரிடத்தில் அடைபட்டே பிறந்திருக்கும். சிலருக்கு முதல் மலம், அதாவது கரும்பச்சை நிறக் காட்டுப்பீ, பிசின்போல் இறுகி இலியத்தை அடைத்துவிடும். பெருங்குடல் முழுவதிலும் நரம்புச் செல்கள் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தக் குடல் சுருங்கி விரியாது, மலத்தைத் தள்ளாது. 1886-ல் இந்த நோயை விவரித்த டென்மார்க் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ரங்கின் பெயரிலேயே அது வழங்கப்படுகிறது. குடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவதும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளில் டைஃபாய்டு முற்றிக் குடல் ஓட்டையாவது, பெருங்குடல் புண் நோய் ஆகியவை காரணமாகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அது பால் செரிக்காத வாந்தி அல்ல. பித்தம் மேலே வருகிறது, கீழே எங்கோ அடைப்பு இருக்கலாம். பிறந்து ஒரு நாள் கடந்தும் பிள்ளை மலம் கழிக்காவிட்டாலும், வயிறு கல் மாதிரி உப்பினாலும் அப்படித்தான். சேனைத்தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் அப்போது கொடுக்கக் கூடாது. ஓதி ஊத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக ஊதலாம், 108 வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு.

சரி, வகைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் நாம் “மோஷன் பை” என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆசனவாய் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் பெருங்குடலில் வழி வைப்பார்கள். அதற்குப் பெயர் கொலோஸ்டமி. அங்கே மலம் ஓரளவு கெட்டியாக வரும். இலியோஸ்டமியில் தண்ணீராக வரும். இந்த ஒரு வித்தியாசத்தால் வீட்டுப் பராமரிப்பே மாறிவிடுகிறது. ஆகையால் கொலோஸ்டமி வைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து இலியோஸ்டமிப் பிள்ளையை வளர்க்க முடியாது.

இலியோஸ்டமியிலேயே பல விதம் உண்டு. முதலாவது லூப். பாவாடை நாடாவை நடுவில் பிடித்து ஒரு வளையமாக வெளியே இழுப்பது போலக் குடலை இழுத்து, அதன் முன்பக்கத்தை மட்டும் திறந்து தோலோடு தைப்பார்கள். பின்பக்கம் அறுபடாமல் இருக்கும். ஒரே மேட்டில் மேல்குடலுக்கு ஒரு வாய், கீழ்க்குடலுக்கு ஒரு வாய். செய்ய நேரம் குறைவு. பிறகு மூடும்போதும் பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றியே அறுத்து முடித்துவிடலாம், வயிற்றை முழுதாகத் திறக்க வேண்டியிருக்காது. குறை என்னவென்றால், மேல்வாயிலிருந்து வரும் மலம் கொஞ்சம் கீழ்வாய்க்குள் போகலாம். குடல் துருத்திக்கொண்டு வெளியே வருவதும் இந்த வகையில் கூடுதல்.

இரண்டாவது, குடலை முழுதாக வெட்டிப் பிரிப்பது. செத்துப்போன பகுதியை வெட்டி எடுத்த பிறகு இரண்டு முனை மிஞ்சும். மேல்முனை குடல்வாய் ஆகும். கீழ்முனையைத் தனியாக இன்னொரு இடத்தில் வெளியே வைப்பார்கள், அல்லது தைத்து மூடி உள்ளேயே விட்டுவிடுவார்கள். வெளியே வைத்த கீழ்முனையிலிருந்து மலம் வராது, சளி மட்டும் வரும். “பிள்ளைக்கு இரண்டு ஓட்டை போட்டுவிட்டார்கள்” என்று சிலர் கோபப்படுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அந்த இரண்டாவது வாய் பெரிய வசதி. மேல்வாயில் வரும் குடல்நீரைச் சேகரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கீழ்வாய்க்குள் மெதுவாகச் செலுத்துவார்கள். கீழ்க்குடல் சும்மா கிடந்து சுருங்காமல் வேலை செய்யும், பிள்ளைக்கு எடையும் ஏறும். பச்சிளம் குழந்தை ஐ.சி.யு.வில் நர்ஸ் இதைச் செய்வதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இழப்பதைத் திரும்பக் கொடுக்கிறார்கள்.

இரண்டு முனைகளையும் இரட்டைக்குழல் துப்பாக்கி போலப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துத் தைத்து ஒரே இடத்தில் வெளியே வைப்பதும் உண்டு. மிக்குலிச் என்ற பழைய காலத்து அறுவை மருத்துவரின் பெயர் அதற்கு. மூடுவது எளிது.

அடுத்த இரண்டு வகைகள் கொஞ்சம் சூட்சுமமானவை. பிளம்பர் வேலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பிஷப், கூப் என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1957-ல் வெளியிட்ட முறை ஒன்று. கீழ்க்குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே வைத்துவிட்டு, உள்ளே அந்தக் கீழ்க்குடலின் பக்கவாட்டில் மேல்குடலின் முனையை டீ ஜாயின்ட் போல இணைத்துவிடுவார்கள். மேலிருந்து வரும் மலத்துக்கு இப்போது இரண்டு வழி. கீழே அடைப்பு இருக்கும்வரை வெளிவாய் வழியாக வரும், சமையலறைப் புகைபோக்கி மாதிரி. அந்த வாய் வழியாகவே மருந்துநீர் விட்டுக் கீழே இறுகிய பிசினைக் கரைக்கலாம். அடைப்பு விலக விலக மலம் இயற்கை வழிக்குத் திரும்பும், வெளிவாய் தானாக வற்றும். காட்டுப்பீ இறுகிய பிள்ளைகளுக்காக உண்டானது இது. (இந்தக் கூப்தான் பின்னால் 1982 முதல் 1989 வரை அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்து புகையிலைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்.)

1961-ல் சான்டுல்லி என்பவர் இதைத் தலைகீழாக்கினார். மேல்குடலின் முனை வெளியே, கீழ்க்குடல் அதன் பக்கவாட்டில். பிறவி அடைப்பில் மேல்குடல் பலூன் போல வீங்கியும் கீழ்க்குடல் பென்சில் போல மெலிந்தும் இருக்கும். இரண்டையும் நேராகத் தைத்தால் பொருந்தாது. இந்த முறையில் வீங்கிய குடலுக்கு உடனே ஆசுவாசம் கிடைக்கும். ஆனால் ஆரம்ப நாட்களில் வெளியே போகும் நீர் அதிகம்.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால், எங்கள் புரிதலில் அது தப்பான கேள்வி. ஒரு கிலோ எடையில், ரத்த அழுத்தம் விழுந்து, வயிறு சீழ் பிடித்துக் கிடக்கும் பிள்ளைக்கு எது சீக்கிரம் முடியுமோ அதுதான் நல்லது. அங்கே நுணுக்கமான இணைப்பு வேலைக்கு நேரமில்லை. நிலை சீராக இருக்கும் சில பிள்ளைகளுக்குக் குடல்வாயே வைக்காமல் நேராக இணைத்துவிடுவதும் உண்டு. “அந்த ஆஸ்பத்திரியில் பை இல்லாமல் செய்தார்களாமே” என்று சர்ஜனிடம் வாதம் செய்யாதீர்கள். வகையைத் தேர்ந்தெடுப்பது வயிற்றைத் திறந்து பார்த்தவரின் வேலை. எந்த வகை வைத்தார், மேலே எத்தனை சென்டிமீட்டர் குடல் மிஞ்சியிருக்கிறது, கீழ்முனை எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்குவது நம் வேலை. வேறு ஊரில் அவசரமாகக் காட்ட நேர்ந்தால் அந்த ஒரு தாள் பிள்ளையைக் காப்பாற்றும்.

மிஞ்சிய நீளம் ஏன் முக்கியம்? நிறைமாதப் பிள்ளைக்குச் சிறுகுடல் சுமார் இரண்டு, இரண்டரை மீட்டர் இருக்கும். குடல்வாய் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நீரும் உப்பும் வெளியே போகும். இந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகு பெரிய ஆபத்து தையலில் இல்லை, இந்த இழப்பில்தான் இருக்கிறது. பிள்ளையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளில் 20 மில்லி அளவு பையில் விழுந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். 30, 40 மில்லியைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. மூன்று கிலோ பிள்ளைக்கு அது ஒரு டீ கிளாஸ் அளவுதான். கண் குழிவது, உச்சிக்குழி பள்ளமாவது, மூத்திரம் குறைவது தெரிந்தால் வண்டி பிடியுங்கள்.

இதைவிட நுட்பமான ஆபத்து உப்பு. குடல்நீரில் உப்பு மிக அதிகம். தாய்ப்பாலில் உப்பு குறைவு. ஆகவே பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், வாந்தி இருக்காது, சிரிக்கக்கூடச் செய்யும், ஆனால் எடை மட்டும் ஏறாது. “தாய்க்குப் பால் சத்தில்லை” என்று மாமியார் சொல்லுவார், புட்டிப்பாலுக்கு மாற்றுவார்கள், நிலைமை மோசமாகும். தாயின் மீது பழி போட வேண்டாம். பிள்ளையின் மூத்திரத்தில் சோடியம் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதில் குறைவாக இருந்தால் டாக்டர் உப்புக்கரைசலை அளவு சொல்லி எழுதிக் கொடுப்பார், பல பிள்ளைகளுக்கு எடை அதன் பிறகுதான் ஏறத் தொடங்குகிறது. வீட்டு உப்பை நாமே பாலில் கலப்பது மட்டும் கூடவே கூடாது. அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும்.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுகுடல் நீரில் செரிமான நொதிகள் இருக்கின்றன. தோலில் பட்டால் சில மணி நேரத்தில் வெந்துவிடும். பையில் வெட்டும் வட்டம் குடல்வாயைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். பவுடர், தேங்காய் எண்ணெய் தடவினால் பை ஒட்டாது. குடல்வாய் ஈரமாக, சிவப்பாக இருப்பதுதான் ஆரோக்கியம். துடைக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வரலாம், அதில் வலி உணர்வு இல்லை. கறுத்துப்போனாலும், திடீரென நீளமாக வெளியே தள்ளினாலும், பையில் எதுவும் விழாமல் பிள்ளை பச்சை வாந்தி எடுத்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆசனவாயில் இடைக்கிடை வெள்ளைச் சளி வருவது இயல்பு.

அடுத்து மூடும் ஆபரேஷன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தற்காலிக வழிதான். நெக் நோய்ப் பிள்ளைக்குச் சுமார் இரண்டு மாதம் கழிந்து, எடையும் ஏறிய பிறகு மூடுவது வழக்கம். நீர் மிக அதிகம் போகும் பிள்ளைக்குச் சீக்கிரமாகவும், நரம்புச் செல் இல்லாத பிள்ளைக்கு அந்தக் குடலை அகற்றும் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் மூடுவார்கள். மூடுவதற்கு முன் கீழ்க்குடலில் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். நெக் ஆறிய இடத்தில் குடல் சுருங்கியிருக்கக்கூடும், அதைக் கவனிக்காமல் மூடினால் மறுபடி அடைக்கும். “இன்னொரு எக்ஸ்ரே எதற்கு, காசு பிடுங்கவா?” என்று கேட்காதீர்கள்.

நாங்கள் பார்த்தவரையில் குடும்பங்கள் தளர்ந்துபோவது இந்த இடத்தில்தான். முதல் ஆபரேஷனுக்கு ஊரே ஓடிவரும். இரண்டாவதற்கு யாரும் இருப்பதில்லை. பிள்ளை விளையாடுகிறது, பையும் பழகிவிட்டது, பஸ் செலவு, கூலி இழப்பு, அடுத்த பிரசவம் என்று தள்ளிப்போகும். ஓரிரு வருடம் கழித்து, பள்ளியில் சேர்க்கும் வயதில், வெட்கம் வந்து மனுவோடு வருவார்கள். அதுவரை பிள்ளை இழந்த வளர்ச்சியை முழுதாக மீட்பது கஷ்டம். இலியத்தின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்திருந்தால் பி12 விட்டமின் குறை பல வருடம் கழித்தும் வரலாம் என்பதால், மூடிய பிறகும் ஃபாலோ-அப்பை விட்டுவிடக் கூடாது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வைக்கும் குடல்வாய் சற்று வேறு. முன்பெல்லாம் குடல் முனையை அப்படியே தோல் மட்டத்தில் விடுவார்கள், புண்ணாகித் தடித்துச் சுருங்கும். 1952-ல் இங்கிலாந்தின் பிரையன் ப்ரூக், சட்டைக்கையை மடித்துவிடுவது போலக் குடலின் உட்புறத்தை வெளியே மடித்துத் தைத்தார். மூக்கு போல நீண்டிருப்பதால் மலம் தோலில் படாமல் நேராகப் பையில் விழுகிறது. உலகம் முழுக்க இன்றும் அதுதான்.

இந்த வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் அதிகம் கேட்பது தொழுகையைப் பற்றி. பையோடு பள்ளிவாசலுக்கு அனுப்பலாமா என்று ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். தடுக்க முடியாத கழிவு உள்ளவர், நேரம் வந்த பின் உளூச் செய்து அந்நிலையிலேயே தொழும் சலுகை ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் இருக்கிறது. விவரங்களை இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பின் ஸஃப்பில் ஒதுக்கி நிறுத்தாதீர்கள், சரியாக ஒட்டிய பையிலிருந்து வாடை வராது. நோன்பு விஷயத்தில் மட்டும் ஆர்வத்தை அடக்கிவையுங்கள். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இலியோஸ்டமிப் பிள்ளை தாங்காது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

செலவுக்கு வருவோம். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் குழந்தை அறுவைப் பிரிவு இருக்கிறது. பிறந்து ஒரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கான வருமான வரம்பை ஆண்டுக்கு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அட்டை இல்லாதவர்கள் பிள்ளை ஐ.சி.யு.வில் இருக்கும்போது தாலுகா ஆபீசுக்கு அலையாமல், ரேஷன் கார்டோடும் வருமானச் சான்றோடும் இப்போதே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு இதைக் கூடுதலாகச் சொல்கிறோம்.

அறக்கட்டளையின் பங்கைப் பொறுத்தவரை, நிர்வாகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. குழந்தைகளுக்கான சிறிய அளவுப் பைகளும் தோல் பசையும் வாங்கி வைக்கப் போகிறோம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஜகாத் நிதியிலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகா நிதியிலிருந்தும் கொடுப்போம். அடுத்தது, முதல் ஆபரேஷனுக்கு உதவி பெறும் எந்தக் குடும்பத்தின் கோப்பையும் மூடும் ஆபரேஷன் முடியும்வரை நாங்கள் முடிக்கப்போவதில்லை. தேதி நெருங்கும்போது நாங்களே ஃபோன் செய்வோம், போக வர வண்டிச் செலவும் தருவோம். ஃபோன் நம்பர் மாறினால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். துபாய் நம்பருக்கு அடித்து அடித்து ஓய்ந்துபோகிறோம்.

பை தேவைப்படுவோர் குடல்வாயின் அளவை மில்லிமீட்டரில் குறித்து, டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு, அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பெண்கள் தனியாகப் பேச விரும்பினால் எங்கள் மகளிர் குழுவினர் வீட்டுக்கே வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.